ஒரு சாணும் மூன்று விரலும்

கொடைக்கானல் பஜாரில் இப்ராம்சா ராவுத்தரை ஏமாற்றி விற்ற தேன் என்று ஒரு சொட்டுகூடக் கிடையாது. வெல்லப்பாகு கலந்திருந்தால் நாக்கில் வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சில சமயம் வைக்காமலேயே சொல்லிவிடுவார், கொண்டுவந்தவன் குடத்தை இறக்கி வைக்கிற பவிசைப் பார்த்து. பூம்பாறையிலிருந்து பொதிக்குதிரையில் வந்து இறங்கும் பூண்டு மூட்டை, மேலே பார்க்க வெள்ளைவெளேரென்று இருக்கும். அவர் கம்பின் நுனியால் மூட்டையின் இடுப்பில் ஒரு குத்துக் குத்தி, "அடியில ஈரம்" என்பார். கொட்டிப் பார்த்தால் அடியில் ஈரம்தான். தம்பி அப்துல் குத்தூஸ் கல்லாவில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வியாபாரம் பண்ணுவார். அண்ணன் வாசலோரம் பலகையில் உட்கார்ந்து முறைத்து முறைத்துச் சரக்கு எடுப்பார். இரண்டும் சேர்ந்துதான் கடை.

அப்பேர்ப்பட்ட அண்ணன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, அந்தத் தம்பி மேலேயே ஜமாத்தில் பிராது கொடுத்தார். கடைப் படியை யாருக்கும் தெரியாமல் மூன்று விரற்கடை உயர்த்திவிட்டான். நான் ஏற முடியாமல் தவிக்க வேண்டும், அதைச் சாக்காக வைத்து என்னை மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்குத் தள்ளிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த வேலை என்பது பிராது. கேட்ட பஜார் வாயைப் பிளந்தது.

சந்தேகம் அவர் கூடப் பிறந்ததில்லை. வாழ்ந்த வாழ்க்கை கொடுத்தது. வத்தலக்குண்டில் பிறந்தபோது பிரசவம் இரண்டு நாள் இழுத்தது. வெளியே வந்த பிள்ளை அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தது. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் நாலு போட்ட பிறகு மெல்ல ஒரு சத்தம் வந்தது. வயது இரண்டாகியும் தலை நிற்கவில்லை. கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. இடது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வலது கை ஒன்றுதான் சொன்னதைக் கேட்டது, அதுவும் அதற்கு மனசு வந்தால். வாயிலிருந்து சொல் நசுங்கித்தான் வந்தது. பழகினவர்களுக்குப் புரியும், பழகாதவர்களுக்குப் புரியாது. அவர் பேசியதை இங்கே நேர்படுத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வாதம் என்றார்கள், இழுப்பு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். அவரவர் வாய்க்கு வந்த பேரை வைத்து, அவரவர் கைக்கு வந்த எண்ணெயைத் தேய்த்தார்கள்.

ஒன்பதாவது வயதில் மலைக்கு வந்தார். அப்போது மோட்டார் ரோடு கிடையாது. அவரைப் பெற்ற அத்தா மேலே கடை போட்டிருந்தார். பெரியகுளத்திலிருந்து குதிரைப் பாதையில் வர ஒரு பொதிக்குதிரை பேசினார்கள். ஒரு பக்கக் கூடையில் உப்பு, மறுபக்கக் கூடையில் இப்ராம்சா. பாரம் சரியாக நிற்கவில்லை என்று குதிரைக்காரர் உப்பை அள்ளி அள்ளிக் குறைத்தார், பிள்ளை அவ்வளவு இளைத்திருந்தது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தக் கூடைய இங்கனயே வச்சிட்டுப் போனா குதிரைக்குச் சொகம்" என்று குதிரைக்காரர் தமாஷாகச் சொன்னார். அம்மாகூடச் சிரித்துவிட்டார். பேச்சு வராத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கூடைக்குள்ளிருந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த இப்ராம்சா, அன்றையிலிருந்து எவர் தமாஷையும் தமாஷாக எடுத்துக்கொண்டதில்லை.

அதே வருஷம், சீசனுக்கு மேலே வந்திருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் பங்களா வராந்தாவில் ஊர்க்காரர்களை இலவசமாகப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் காலை நீட்டினார், மடக்கினார், முழங்காலில் தட்டினார். பிறகு நிறையப் பேசினார். மிஷன் பள்ளியில் படித்த பரமானந்தம், அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"பொறக்கயிலயே மூளையில பட்ட அடிங்கம்மா. ஆறாது. ஆனா வளரவும் வளராது. இருக்கறது இப்பிடியே இருக்கும்."

அம்மா அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். வளராத நோய். பிள்ளைக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. பிற்பாடு தேனைச் சோதித்தார், பூண்டைச் சோதித்தார், மனுஷர்களைச் சோதித்தார். அந்த ஒரு பேச்சை மட்டும் அவர் சோதித்துப் பார்க்கவேயில்லை.

பத்து வயதில் கம்பைப் பிடித்து நடந்தார். இருபத்தைந்தில் நாயுடுபுரத்து ஏற்றத்தை எங்கும் நிற்காமல் ஏறினார். ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் நிமிரும். பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும், அவருக்கு முட்டாது. ஒரு முறை புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்தார். இப்ராம்சா அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். பூண்டு வாடைதான் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தன. ஒரு இடத்துக்குக் கடை மேல் கண் என்றார், இன்னொன்றில் பெண்ணுக்குச் சம்மதமில்லாமல் கட்டிவைக்கிறார்கள் என்றார். இரண்டையும் அவரே தட்டிவிட்டார். இரண்டும் உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் விட்டார்களே என்றும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

மோட்டார் ரோடு வந்து பஜார் பெருத்தபோது, அத்தா கடையைக் கல்லுக்கட்டிடமாக எடுத்துக் கட்டினார். வாசல் படிக்கு என்ன உயரம் என்று கொத்தனார் கேட்டார். அத்தா பெரிய மகனைப் பார்த்து, "ஒனக்கு எம்புட்டு ஒசரம் ஏற முடியும்?" என்றார். இப்ராம்சா வலது கையை விரித்துக் காட்டினார். கொத்தனார் அந்தக் கையைக் கல்லில் வைத்தே கரியால் கோடு இழுத்தார். இப்ராம்சா கையால் சரியாக ஒரு சாண். அந்தப் படியில் இருபது வருஷத்துக்கு மேல் தினம் நாலு தரம் ஏறி இறங்கினார். அத்தா போனார், அம்மா போனார், தங்கை அமீருன்னிசா வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டாள், தம்பிக்கு ஜஹனாரா வந்தாள். படி அப்படியே இருந்தது.

முப்பத்தெட்டு வயதில் சட்டைப் பொத்தான்கள் சிறுத்தன. தையல்காரர் காசு மிச்சம் பிடிக்கச் சின்னப் பொத்தான் வைக்கிறார் என்று சண்டை போட்டு வேறு தையல்காரரிடம் போனார். அவரும் சின்னதாகவே வைத்தார். நாற்பதில் பள்ளிவாசல் தூரமாகிவிட்டது. முன்பெல்லாம் பாங்கு சொன்ன பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். இப்போது தொழுகைக்கு வரிசை நிற்கிற நேரத்தில்தான் வாசலைத் தொட முடிந்தது. பாங்கு சொல்கிற மோதினார் முந்தியே தொழுகையைத் தொடங்க வைக்கிறார் என்று தீர்மானித்தார். நாற்பத்திரண்டில் டீ புரையேற ஆரம்பித்தது. ஒவ்வொரு வாய்க்கும் இருமல், கண்ணில் தண்ணீர். ஜஹனாரா டீத்தூளை மாற்றிவிட்டாள் என்றார். உலக யுத்தம் நடக்கிற காலம், எல்லாவற்றுக்கும் பஞ்சம், கலப்படம் செய்யாதவர் யார் என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார். ஜஹனாரா டம்ளரில் பாதி அளவே ஊற்ற ஆரம்பித்தாள். காலையில் டீக்குப் பதில் கெட்டியாகக் கஞ்சி வைத்தாள். ஆக, டீயையும் குறைத்துவிட்டாள்.

இடுப்பு வலித்தது. விடியற்காலையில் கால்கள் கட்டை போலக் கிடந்தன, வெந்நீர் ஊற்றினால்தான் அசைந்தன. உச்சிப்பொழுதுக்கே உடம்பு ஓய்ந்துபோயிற்று. இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'முடியவில்லை' என்ற பேர் வந்துவிடும். முடியாதவனை வீட்டுப் பின்கட்டில் கட்டிலில் போட்டு, வேளாவேளைக்குச் சோறு வைத்து, வருகிறவர்களிடம் 'அவர் அப்படித்தான்' என்று சொல்வார்கள். மலைக்கு வருமுன் வத்தலக்குண்டில் ஒன்பது வருஷம் அவர் கிடந்தது அப்படித்தான். இங்கே அவர் தலையாட்டினால்தான் மூட்டை உள்ளே போகும். பலகையிலிருந்து எழுந்து கீழே போவது ஒன்று, செத்து மையத்தாகிப் போவது ஒன்று. இரண்டும் அவருக்கு ஒரே கணக்கு.

பிறகு படி. சித்திரை மாதம் சீசன் கூட்டத்தில் ஒரு நாள் கால் படியின் விளிம்பில் தட்டிக் குப்புற விழுந்தார். கூட்டம் கூடிவிட்டது. குத்தூஸ் கல்லாவிலிருந்து எழுந்தார். அண்ணன் கிடந்த கிடையிலேயே கம்பை ஓங்கினார். குத்தூஸ் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆனிக்குள் இன்னும் மூன்று தரம் விழுந்தார், அதே படியில், அதே விளிம்பில். இருபது வருஷமாகத் தட்டாத கால் இப்போது ஏன் தட்டுகிறது? நோய் வளராத நோய். டாக்டரே சொன்னது. அப்படியானால் மாறியது காலாக இருக்க முடியாது. இதில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

ஆடி பிறந்த வாரம் தம்பியின் சட்டைப் பையில் ஒரு தபால் கார்டு எட்டிப் பார்த்தது. சட்டை கொடியில் கிடந்தது, தம்பி குளித்துக்கொண்டிருந்தார். இப்ராம்சா எடுத்துப் படித்தார். அமீருன்னிசா எழுதச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள். 'அண்ணனை அனுப்பி வை. பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. நீ எழுதியிருந்தபடி எல்லாம் செய்து வைத்திருக்கிறேன்.'

நீ எழுதியிருந்தபடி. கார்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நேரே கடை வாசலுக்குப் போனார். படியோரம் உட்கார்ந்து கையை விரித்து வைத்தார். ஒரு சாண் முடிந்த பிறகும் கல் மிச்சம் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி அளந்தார். ஒரு சாணும் மூன்று விரலும். நெஞ்சு படபடத்தது, பயத்தில் இல்லை. மூட்டையில் கல்லைக் கண்டுபிடித்தால் அவருக்கு இப்படித்தான் படபடக்கும்.

ஜமாத்துக்குத் தலைவரான முத்தவல்லி பாவா ராவுத்தர், எழுபது வயதுக்காரர், பிராதைக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"படி ஒசந்துருச்சுங்கறதுக்கு என்னப்பா சாட்சி?"

"என் கை மாமு. என் சாணுக்குத்தான் வச்சது. இப்ப மூணு வெரக்கட தூக்கிக்கிட்டு நிக்கிது."

"சாண் மாறுமேப்பா. அவன் சாண் பெருசு, இவன் சாண் சின்னது."

"என் சாண் எனக்கு மாறாது" என்றார் இப்ராம்சா.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு நாலு பேரோட வாரேன். அதுக்குள்ள ஒன் சாணுக்கு ஒரு சாட்சி கொண்டா."

சாட்சி அவருக்கு உடனே கிடைத்துவிட்டது. அம்மா மௌத்தாகி அடக்கம் செய்தபோது கபரின் சுற்றுக்கல் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று பேச்சு வந்தது. தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது என்று பள்ளிவாசல் ஹஜரத் சொன்னார். யார் சாண் என்று கேள்வி எழ, மூத்த மகன் கையால் அளந்துகொள்ளுங்கள் என்றார். இப்ராம்சா மண்ணில் மண்டியிட்டு அளந்துகொடுத்தார், அதன்படி கல் நட்டார்கள். ஊரே பார்த்தது. அந்தக் கல்லில் இன்றைக்கும் கையை வைத்தால் ஒரு சாண்தான் இருக்கும். இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

வியாழக்கிழமை தோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அம்மா கபருக்குப் போய் பாத்திஹா ஓதுவது அவர் வழக்கம். அன்றைக்கும் போனார். ஓதி முடித்துக் கம்பைக் கிடத்தி, சுற்றுக்கல்லோடு சாய்ந்து உட்கார்ந்து கையை விரித்தார். கட்டைவிரலைத் தரையில் ஊன்றினார். சுண்டுவிரல் கல்லின் உச்சியைத் தொடவில்லை.

மழையில் மண் அரித்திருக்கும் என்று நினைத்தார். குனிந்து பார்த்தார். கல் நட்டபோது அடித்த சுண்ணாம்பு மண்ணோடு மண்ணாக ஒட்டியே இருந்தது, ஓரத்தில் புல் முளைத்திருந்தது. அரிப்பு எதுவும் இல்லை. கல்லை யாராவது பிடுங்கி நட்டிருப்பார்களோ? சுற்றிலும் பாசி. இருபது வருஷத்துப் பாசி, ஒரு கீறல் இல்லை. பூண்டு மூட்டையைப் பார்ப்பது போல எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஜஹனாரா படியை உயர்த்துவாள், நம்பலாம். குத்தூஸ் உயர்த்துவான், நம்பலாம். அம்மாவின் கபரை எவன் வந்து உயர்த்துவான்?

அப்போதுதான் அவர் தன் வலது கையைப் பார்த்தார். அதை அவர் அதுவரை பார்த்ததேயில்லை, அதை வைத்து மற்றதையெல்லாம் பார்த்ததோடு சரி. கட்டைவிரலின் அடி மூட்டு தடித்திருந்தது. விரல்கள் உள்பக்கம் வளைந்திருந்தன, கம்பின் தலையைப் பிடித்த பிடியிலேயே. கம்பை விட்ட பிறகும் கை கம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இடது கையின் புறங்கையால் அழுத்தி நீட்டிப் பார்த்தார். வலித்தது, நீளவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் அது இன்னும் பெரிதாக வந்தது.

மையவாடியிலிருந்து நேரே பரமானந்தத்திடம் போனார். பரமானந்தம் இப்போது தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர், தலை நரைத்துவிட்டது. சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வளராதுன்னு சொன்னீங்கள்ல" என்றார் இப்ராம்சா, உட்காராமலே.

பரமானந்தம் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"வளரலங்க ராவுத்தரே. மூளையில பட்ட அடி அன்னைக்கி இருந்தபடியேதான் கெடக்கு. ஒடம்புதான் தேஞ்சிருச்சு. நான் ஒரு எட்டு வைக்கிற பாட்டுக்கு நீங்க மூணு எட்டு வைக்கிற பாடு படுறீங்க. முப்பத்துமூணு வருசமா. எனக்கு எழுவதுல வர்ற மூட்டு வலி ஒங்களுக்கு நாப்பதுலயே வந்து நிக்கிது. தொண்டையும் அப்பிடித்தான். தண்ணியா இருந்தா ஏமாத்தும், கெட்டியா இருந்தா எறங்கும். தம்பி சம்சாரம் வந்து கேட்டப்பவே சொல்லிட்டனே."

கஞ்சி நினைவுக்கு வந்தது. இப்ராம்சா அதைத் தள்ளி வைத்துவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார். "அந்த டாக்டருக்கு இது தெரியாதா?"

பரமானந்தம் துடைத்த சீசாவையே மறுபடி துடைத்தார். "சொன்னாருங்க. அடி வளராது, ஆனா வயசு ஏற ஏற ஒடம்பு சீக்கிரம் களைச்சிரும், மத்தவங்களுக்கு முந்தி தளரும், அப்பப் பக்கத்துல ஆள் வேணும்னு சொன்னாரு. ஒங்க அம்மா மொகத்தப் பாத்தேன். அந்தப் பாதிய முழுங்கிட்டேன்."

முப்பத்துநாலு வருஷமாக அவர் நம்பிய ஒரே சரக்கு. அதன் அடியில் ஈரம். இப்ராம்சா கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாவா ராவுத்தர் நாலு பேரோடு கடை வாசலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வேலை இருப்பது போல வெளியே வந்து நின்றார்கள். ஜஹனாரா உள் கதவுக்குப் பின்னால் நின்றாள். இப்ராம்சா படிக்கு ஒரு பக்கம், குத்தூஸ் மறுபக்கம். பிராதைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் கை போய்விட்டது, கால் போய்விட்டது, தொண்டை போய்விட்டது என்று அவர் வாயாலேயே பஜாருக்கு அறிவித்த மாதிரி. அதற்கு மேல் அவரை யார் பலகையில் வைத்திருப்பார்கள்? சொல்லாவிட்டால் தம்பி மேல் பழி. இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பாவா ராவுத்தர் கேட்டார். "குத்தூசு, அண்ணன் சொல்றது நெசமா? படிய ஒசத்துனியா?"

குத்தூஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒசத்துனேன் மாமு. மழத்தண்ணி உள்ள வந்துச்சு, அதான். சொல்லாமப் பண்ணுனது தப்புதேன். நாளைக்கே கொத்தனார விட்டு எறக்கிர்றேன்."

கதவுக்குப் பின்னால் ஜஹனாரா, "யா அல்லா" என்றாள், மெதுவாக.

பொய் என்று இப்ராம்சாவுக்கு நாக்கிலேயே தெரிந்தது. ஏன் சொல்கிறான்? பாவம் பார்த்துச் சொல்கிறானா? அல்லது விஷயத்தைச் சீக்கிரம் மூடி, கார்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறானா? எப்படியானாலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். படி இறங்கும், கால் ஏறும், கை குறுகிய சேதி கையோடு போகும். ஆனால் கூட்டத்தில் யாரோ, "கூடப் பொறந்தவனத் தொரத்தப் படிய ஒசத்துனவன்" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. நாளைக்கு ஒவ்வொரு பூண்டுக்காரரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் கடைக்குள் வருவார்.

"பொய் சொல்றான் மாமு" என்றார் இப்ராம்சா. யாருக்கும் புரியவில்லை. மறுபடி, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார். "பொய் சொல்றான். படி ஒசரல. என் கை குறுகிப்போச்சு."

ஒருத்தர் சிரித்தார். பாவா ராவுத்தர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இப்ராம்சா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, கல்லின் மேல் கையை விரித்தார்.

"இம்புட்டுத்தான் விரியுது. அம்மா கபர்லயும் மூணு வெரக்கட கொறயிது. போயிப் பாருங்க. பிராது தப்பு. மாப்புக் கேக்கறேன்."

கேட்டுவிட்டுத் தம்பி பக்கம் தலையைத் திருப்பினார். "படிக்கு மாப்புக் கேட்டேன். கார்டுக்கு என்ன சொல்ற?"

குத்தூஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"நெசந்தேன். நாந்தேன் அமீருக்கு எழுதுனேன்."

"ஏன்?"

"நாலு தரம் விழுந்துட்டண்ணே. ஒவ்வொரு தரமும் நீ எந்திரிக்கிற வரைக்கும் நான் கல்லாவுல உக்காந்துக்கிட்டிருந்தேன். கிட்ட வந்தா கம்ப ஓங்குற. போன மாசம் நீ எந்திரிக்க எம்புட்டு நேரமாச்சு தெரியுமா? ஒரு ஆளு வந்து அரிசி கேக்குறான், நான் அவனுக்கு அளந்து போடுறேன், நீ மண்ணுல கெடக்க." குத்தூஸ் கல்லா இருந்த பக்கம் கையைக் காட்டினார். "பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியல. கண்ணுக்கு மறவா இருந்தாத் தேவலன்னு எழுதிட்டேன்."

இது பொய்யில்லை. இப்ராம்சா எத்தனை பக்கம் புரட்டிப் பார்த்தும் அடியில் ஈரம் இல்லை. உண்மையாக இருப்பதாலேயே அது பொய்யைவிட அதிகமாகச் சுட்டது.

"நீ பாக்க முடியலன்னு நான் கீழ போகணுமா?"

பாவா ராவுத்தர், "இது ஜமாத்துச் சோலி இல்ல, அண்ணந்தம்பி பேசிக்கங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள். படியில் உட்கார்ந்தபடியே இப்ராம்சா சொன்னார்.

"அமீருக்கு இன்னொரு கார்டு எழுது. நான் வரலன்னு எழுது. எழுதி எங்கிட்டக் காட்டு. படிச்சுப் பாத்துட்டுத்தான் தபால்ல போடணும்."

"சரிண்ணே."

"படிய ரெண்டாப் பிரிச்சு வைக்கச் சொல்லு. பாதிப் பாதியா ஏறிக்கிறேன்."

"சரி." குத்தூஸ் படியின் விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்தார். "அப்பவும் விழுந்தா?"

"விழுவேன். இனிமே நெறயத்தான் விழுவேன்" என்றார் இப்ராம்சா. "வந்து தூக்கு. கம்ப ஓங்க மாட்டேன்."

குத்தூஸ் அண்ணனையே பார்த்தார். முதல் தடவையாக இப்போது சந்தேகம் தம்பிக்கு. அதை இப்ராம்சாவும் கண்டுகொண்டார்.

"ஓங்குனாலும் தூக்கு" என்றார்.